தபால்காரரும் பார்சலும்

தபால்காரர் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போடும்போது, டீசல் என்கிற அந்த நாய் பெரிதாக ஒரு தும்மல் போட்டது. பொத்தான் ஜோலீனின் விரல்களுக்கிடையே பிய்ந்து வந்துவிட்டது.

"போச்சு. தபால்காரருக்குத் தொப்பை போட்டிருச்சு," என்றாள் ஜோலீன். "விடு, யாரு பாக்கப் போறா. அக்கா, அந்தத் தொப்பிய எடு."

ரோண்டா காரின் பின்னிருக்கையிலிருந்து நீலத் தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். டீசலின் காதுகள் நீளமானவை. தொப்பியை எப்படி வைத்தாலும் ஒரு காது வெளியே வந்து தொங்கியது. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் ஜோலீன் வீட்டுக் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கிய பழைய விளம்பரத் தாள்கள். அவ்வளவு பெரிய நாய், இதையெல்லாம் சகித்துக்கொண்டு, இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றது.

பார்க்கிங் முழுக்க வேஷம் போட்ட நாய்களாகத்தான் இறங்கின. வெள்ளை முக்காடு போட்ட கல்யாணப் பெண்ணாக ஒரு புல்டாக். பிடரி மயிரை ஒட்டவைத்துச் சிங்கமாகி வந்த ஒன்று. எலும்புக்கூடு வரைந்த கறுப்புச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது ஒரு ஒல்லி வேட்டைநாய். அதன் சொந்தக்காரர் உடம்பெல்லாம் சிவப்புச் சாயம் பூசி, தெருவோரத்துத் தீயணைப்புக் குழாயாக வந்திருந்தார். வருகிற நாயெல்லாம் அவர் காலடியில் போய் மோந்து பார்த்துக் காலைத் தூக்க, அவர் துள்ளித் துள்ளி விலக, பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜோலீனும் சிரித்தாள். ரோண்டா, சிரிக்க வேண்டிய இடம் இது என்று தெரிந்துகொண்டு, உதட்டை மட்டும் அசைத்தாள்.

இந்த ஊரின் பார்க்குக்குள் அவள் கால் வைத்து ஒன்றரை வருடத்துக்கு மேலாகிவிட்டது. அவளுடைய மகன் டெரிக் ஒரு மார்ச் மாதச் சாயங்காலம், நண்பன் வீட்டில் குடித்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு கிளம்பியவன், மளிகைக்கடைக்குப் பக்கத்துச் சிக்னலில் சிவப்பு விளக்கைப் பார்க்காமல் நேராகப் போய்விட்டான். எதிர்ப்பக்கமிருந்து சாலையைக் குறுக்காகக் கடந்து இடதுபுறம் திரும்பிக்கொண்டிருந்த காரில் பத்ரீஸ் ஆம்ஸ்லர் என்கிற பெண் இருந்தாள். அந்தத் திருப்பத்தைத் தாண்டினால் அவள் வீடு. பின்னிருக்கையில் பால், முட்டை, ரொட்டி. டெரிக்குக்கு நெற்றியில் நாலு தையல் போட்டார்கள். அவன் கூடவே காரில் இருந்த டீசலுக்கு முன்னங்கால் முறிந்தது. பத்ரீஸ் அந்த இடத்திலேயே இறந்துபோனாள். டெரிக்குக்கு எட்டு வருடம் சிறை என்று தீர்ப்பாயிற்று.

அதற்குப் பிறகு ரோண்டாவை ஊரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் அவள் பரிமாறும் வரிசையில் நின்ற பிள்ளைகள்கூட ஒன்றும் சொல்லவில்லை. அவள் வரும்போது பேச்சு நிற்கும், அவள் போனபின் மறுபடி தொடங்கும். அவ்வளவுதான். அவளே அந்த வேலையை விட்டுவிட்டு, பக்கத்து ஊர் ரொட்டித் தொழிற்சாலையில் சேர்ந்தாள். மளிகை வாங்குவதும் அந்த ஊரில்தான். தொழிற்சாலையில், அடுப்பிலிருந்து வரும் தட்டுகளை எடுத்து அடுக்குகிற வேலை. சேர்ந்த புதிதில் கையுறையையும் மீறிச் சுட்டது. இப்போது, இது சூடு என்று தெரியும், ஆனால் சுடாது. மற்ற எல்லாமும் அவளுக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. அழுகை வரும் என்று ஆரம்பத்தில் காத்துக்கொண்டிருந்தாள். பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டாள்.

டெரிக் கேட்டதால்தான் இன்றைக்கு வந்தாள். சிறையில் அவனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவன் பேசுவது நாயைப் பற்றித்தான். சாப்பிடுதா, ஓடுதா, மழைக்குப் பயப்படுதா. போன தடவை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நகத்தைப் பார்த்தபடி, "பார்க்குல நாய்ங்களுக்கு வேஷம் போட்டு ஹாலோவீன் நடத்துவாங்களேம்மா, அதுக்கு இவனை வருஷா வருஷம் கூட்டிட்டுப் போவேன். நீ ஒரு தடவை கூட்டிட்டுப் போறியா? ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, போதும்," என்றான். அவள் யோசிப்பதற்குள் வாய் சரி என்று சொல்லிவிட்டது.

பெயர் பதிகிற மேஜையில் ஜோலீன் தன் பெயரைக் கொடுத்தாள். "என் பேருல இருக்கட்டும்க்கா, எதுக்கு வம்பு," என்றாள். ரோண்டா அதற்கும் சரி என்றாள்.

ஆப்பிள் சாறும் சர்க்கரை தூவிய டோனட்டும் விற்கிற இடத்தில் நல்ல கூட்டம். ஜோலீன் வரிசையில் நிற்கப் போனாள். ரோண்டா வைக்கோல் கட்டுகளுக்குப் பக்கத்தில், மேப்பிள் மரத்தடியில், தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். இலையெல்லாம் உதிர்ந்து தரையே சிவந்து கிடந்தது. யாராவது கடந்து போனால் குனிந்து டீசலின் தொப்பியைச் சரிசெய்தாள். தொப்பியை அதற்குள் பலமுறை சரிசெய்தாகிவிட்டது.

அப்போதுதான் அந்தப் பிடரியைப் பார்த்தாள்.

நீதிமன்றத்தில் அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் பத்ரீஸின் கணவர் க்ளென் ஆம்ஸ்லர். விசாரணை நடந்த நாளெல்லாம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் அவருடைய முகம் அவளுக்குச் செய்தித்தாளில் பார்த்த அளவுக்குத்தான் தெரியும். பிடரி நன்றாகத் தெரியும். நரைத்த முடி சட்டைக் காலருக்கு மேல் கோணலாக வெட்டப்பட்டிருக்கும், இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம். இப்போது அந்த மச்சம் பத்தடி தூரத்தில் இருந்தது.

அவர் ஒரு கிழட்டு டாக்ஸ்ஹண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். குட்டைக்கால் நாய், முகமெல்லாம் நரை. அதன் உடம்பில் ஒரு அட்டைப்பெட்டியைத் துளைபோட்டு மாட்டியிருந்தார். பெட்டியின் பக்கவாட்டில் தடித்த பேனாவால் 'கவனம், உடையும் பொருள்' என்று எழுதியிருந்தது. அவருக்கு வேஷம் ஒன்றுமில்லை. சாம்பல் நிற ஸ்வெட்டர், அவ்வளவுதான்.

ரோண்டா கயிற்றை இழுத்துக்கொண்டு விலகப் பார்த்தாள். டீசல் நகரவில்லை. தலையைத் தூக்கிக் காற்றை மோந்தது. பிறகு, எதற்கும் அவசரப்படாத அந்த நாய், அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நேராக அந்த மனிதரிடம் போனது. அவருடைய முழங்காலில் முகத்தை ஒரு அழுத்து அழுத்தியது. பிறகு டாக்ஸ்ஹண்டைச் சுற்றிச் சுற்றி வர, இரண்டு கயிறும் பின்னிக்கொண்டன.

"பயப்படாதீங்க, மிட்ஜ் கடிக்க மாட்டா," என்றார் அவர், குனிந்தபடியே. "கடிக்கணும்னு ஆசைதான். பல்லு இல்ல."

ரோண்டாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "பெட்டி நல்லாருக்கு," என்றாள். தன் குரல் வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது.

"காலையிலதான் இன்னிக்கின்னு ஞாபகம் வந்துச்சு. கையில கிடைச்ச பெட்டிய வெட்டி மாட்டிட்டேன். எப்பவும் என் மனைவிதான் கூட்டிட்டு வருவா." அவர் கயிற்றை அவிழ்க்க முயன்றார். டீசல் அவர் கையைப் பட்டையாக நக்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏய், என்னய்யா இது!" என்று ஒரு கூச்சல். ஊர் பொழுதுபோக்குத் துறையிலிருந்து வந்த மார்வின் என்கிற இளைஞன்தான் நிகழ்ச்சியை நடத்துகிறவன். உச்சி முதல் முழங்கால் வரை வாழைப்பழ வேஷம், முகத்துக்கு மட்டும் வட்டமாக ஒரு துளை. கையில் மைக். "தபால்காரரும் பார்சலும்! பேசி வெச்சுக்கிட்டு வந்தீங்களா? மக்களே, இங்க பாருங்க, வீடு தேடிப் பார்சல் வந்திருக்கு. கையெழுத்து போட்டு வாங்கிக்கங்க!"

கூட்டம் சிரித்தது. யார் யாரோ கேமராவைத் தூக்கினார்கள். "வேற வேற ஆளுங்க," என்றார் க்ளென். "அதனால என்ன? சேர்ந்தே நடங்க, சேர்ந்தே நடங்க," என்று மார்வின் இருவரையும் வரிசையில் தள்ளிவிட்டான்.

இரண்டு கோப்பைச் சாற்றோடு வந்த ஜோலீன் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு வேகமாகக் கிட்டே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா, அது யாருன்னு தெரியுதா உனக்கு?" என்றாள்.

"தெரியும்."

"கிளம்பு, போயிரலாம். வயித்த வலின்னு சொல்லு. நான் சொல்றேன்."

"கயிறு சிக்கிக்கிட்டு இருக்கு," என்றாள் ரோண்டா. உண்மையும் அதுதான். அது மட்டும்தான் அப்போது அவளுக்குத் தோன்றிய காரணம்.

ஊர்வலம் நகர்ந்தது. வைக்கோல் கட்டுகள் அடுக்கிய பாதையில், இரண்டு பக்கமும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு நடுவே, கல்யாணப் பெண்ணும் சிங்கமும் எலும்புக்கூடும் போயின. டாக்ஸ்ஹண்ட் மெதுவாக நடந்தது. பெட்டி தரையில் உரசும்போதெல்லாம் நின்றுவிடும். அது நின்றால் டீசலும் நிற்கும். ரோண்டாவும் க்ளென்னும் நிற்பார்கள். பக்கவாட்டில் பார்க்காமலே அவர் மூச்சுவிடுவது அவளுக்குக் கேட்டது. இவருக்குத் தெரியாது, என்று நினைத்தாள். தெரிந்திருந்தால் இப்படி நிற்க மாட்டார். சொல்லிவிட வேண்டும். இந்த மரம்வரை போனதும் சொல்ல வேண்டும். மரம் வந்தது, போயிற்று. நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தாள். அதுவும் இல்லை. ரொட்டித் தட்டை எடுத்து அடுக்குகிற மாதிரி ஒரு காலுக்குப் பின் இன்னொரு காலை எடுத்துவைத்தாள்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் க்ளென்னைப் பார்த்துக் கையசைத்து, "வந்துட்டீங்களே, ரொம்ப சந்தோஷம்," என்றாள். அவர் தலையாட்டினார்.

ஜோடிக்கான பரிசு அவர்களுக்குத்தான் என்று மார்வின் அறிவித்தபோது யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பரிசு ஒரு பூசணிக்காய் வடிவக் கோப்பையும், பெரிய பை நிறைய நாய் பிஸ்கட்டும். ஜோலீன் தன் கைபேசியில் படம் எடுத்தாள். எடுக்கச் சொல்லி மார்வின் கத்தினான், வேறு வழியில்லை. "பார்சல் நம்ம மிட்ஜ், அவளோட க்ளென் அண்ணன். எல்லாருக்கும் தெரிஞ்சவங்க," என்றான் மைக்கில். "தபால்காரர் பேரு டீசலாம். அம்மா, உங்க பேரு?"

மைக் அவள் வாய்க்குக் கீழே வந்தது. ஜோலீன் கூட்டத்துக்குள்ளிருந்து தலையை அசைத்தாள், வேண்டாம், வேண்டாம் என்று. ரோண்டா துணிந்து எதையும் முடிவு செய்யவில்லை. பேரைக் கேட்டார்கள், வாயில் ஒரு பேர்தான் இருந்தது.

"ரோண்டா ஸ்ட்ரௌட்," என்றாள்.

செய்தித்தாளில் டெரிக்கின் பேரோடு வந்த அந்தக் குடும்பப்பேரை ஒலிபெருக்கி பார்க் முழுக்கக் கொண்டுபோனது. வாழைப்பழத் துளைக்குள் மார்வினின் முகம் வெளுத்தது. கைதட்டிக்கொண்டிருந்தவர்களில் சிலர் நிறுத்தினார்கள். சிலர் காதில் விழாமலோ புரியாமலோ தட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த அரைகுறைக் கைதட்டல் நடுவே ஒரு நாய் குரைத்தது. "சரி... சரிங்க. ரொம்ப நல்லது," என்ற மார்வின், பிஸ்கட் பையை அவள் கையிலும் கோப்பையை க்ளென் கையிலும் திணித்துவிட்டு, "அடுத்து, அடுத்து நம்ம சிங்கம்!" என்று ஓடினான்.

க்ளென் சிக்கிய கயிறோடு, இரண்டு நாய்களையும் நடத்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து பெஞ்சுக்குப் போனார். கயிற்றின் மறுமுனை ரோண்டாவின் கையில் இருந்ததால் அவளும் போக வேண்டியிருந்தது. அவர் உட்கார்ந்து டாக்ஸ்ஹண்டின் பெட்டியைக் கழற்றப் பார்த்தார். ஒட்டுநாடா முடியில் பிடித்துக்கொண்டு வரவில்லை.

"உக்காருங்க," என்றார்.

அவள் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள்.

அவர் பெட்டியை விட்டுவிட்டு டீசலின் முன்னங்காலைத் தூக்கினார். கட்டைவிரலால் எலும்பின் மேல் மெதுவாகத் தடவிப் பார்த்தார். "இல்ல, இந்தக் கால்," என்று அதை விட்டு மற்றதைத் தூக்கினார். "நல்லாச் சேர்ந்திருக்கு. நொண்டுதா?"

"குளிர் காலத்துல மட்டும்," என்றாள் ரோண்டா. பிறகுதான் அவர் கேட்டது அவளுக்கு உறைத்தது. "உங்களுக்கு எப்படி..."

"உங்களை எனக்குத் தெரியாது. இவனைப் பார்த்தவுடனே தெரிஞ்சுது. நீங்க அந்தப் பையனோட அம்மாவா இருக்கணும்னு நெனச்சேன்." நாயின் காலை அவர் கீழே விடவில்லை. "சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு. ஓடினேன். என்னைக் கிட்ட விடல. காரை அறுத்துக்கிட்டு இருந்தாங்க, தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்கன்னாங்க. எங்க தள்ளி நிக்கிறது. நடைபாதையில உக்காந்தேன். இவன் காலை இழுத்துக்கிட்டு எங்கிருந்தோ வந்து என் மடியில தலைய வெச்சான். யாரோட நாய்னு எனக்கு அப்பத் தெரியாது. அவங்க வேலைய முடிக்கிற வரைக்கும் இவனைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். நடுங்கினான், போட்டிருந்த மேல்சட்டையக் கழட்டி சுத்தி விட்டேன்."

ரோண்டாவுக்கு நினைவு வந்தது. நாய் மருத்துவமனையில் டீசலோடு ஒரு பழுப்பு நிற ஆண்கள் ஜாக்கெட்டையும் கொடுத்தார்கள். ரத்தமும் மண்ணுமாக இருந்தது. டெரிக்கினுடையது என்று நினைத்து, விரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போட்டாள்.

"ஜாக்கெட்டா?" என்றாள். "பழுப்புக் கலர்ல?"

"ஆமா."

"தூக்கிப் போட்டுட்டேன். பையனோடதுன்னு நெனச்சு."

அவர் டீசலின் காலை மெதுவாகக் கீழே விட்டார். "பத்ரீஸ் வாங்கினது," என்றார். பிறகு, "ஜிப் எப்பவோ போயிருச்சு," என்றார்.

இந்த ஒன்றரை வருடமாக ரோண்டா மனதுக்குள் வைத்திருந்த வாக்கியங்கள் இருந்தன. ரொட்டித் தட்டுகளுக்கு முன்னால் நின்றபடி, காரை ஓட்டியபடி, இவரிடம் சொல்வதற்காகச் சொல்லிச் சொல்லித் தேய்த்து வைத்தவை. அவரைக் கிட்டே நெருங்கவே கூடாது என்று வக்கீல் சொன்னதால் சொல்லாமல் போனவை. இப்போது வாயைத் திறந்தாள்.

"பிஸ்கட்டுல பாதி எடுத்துக்கங்க," என்றாள்.

அவர் பையைப் பார்த்தார். "மிட்ஜுக்குப் பல்லு இல்லியே."

"வெந்நீர்ல ஊறவெச்சுக் குடுங்க. மெத்துனு ஆயிரும்."

"சரி," என்றார் அவர்.

பிரிப்பதற்குப் பை எதுவும் இல்லை. அவர் பூசணிக் கோப்பையை நீட்டினார். அவள் அதற்குள் பிஸ்கட்டுகளைக் கொட்டினாள். ஒன்றுகூடச் சிந்தவில்லை.

"உங்க தங்கச்சி போட்டோ எடுத்தாங்களே," என்றார் க்ளென். "உங்க பையனுக்கா?"

"கேட்டிருந்தான். நாயைப் பாக்கணும்னு."

"நான் இருக்கறத அனுப்பாதீங்க. இவனைத் தனியா நிக்கவெச்சு ஒண்ணு எடுத்து அனுப்புங்க." அவர் குரலில் கோபம் இல்லை. கடையில் எதையோ வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னார். "உங்க பையன்கிட்ட சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. சர்ச்சுல வந்து கேக்குறாங்க, மன்னிச்சாச்சா மன்னிச்சாச்சான்னு. தேடிப் பாக்குறேன், இல்ல. இவன் கால் என்னாச்சுன்னு மட்டும் எப்பவாவது நெனச்சுக்குவேன். அவ்வளவுதான்."

"சரிங்க," என்றாள் ரோண்டா.

அவர் கயிறுகளைப் பொறுமையாக அவிழ்த்தார். எழுந்து, பெட்டியோடேயே டாக்ஸ்ஹண்டைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மற்றொரு கையில் கோப்பையோடு, பார்க்கிங் பக்கம் நடந்தார். டீசல் பின்னாலேயே போகப் பார்த்தது. ரோண்டா கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். நாய் இழுத்த இழுப்பில் உள்ளங்கை சிவந்து எரிந்தது. அதை ஆச்சரியத்தோடு விரித்துப் பார்த்தாள்.

மேப்பிள் மரத்தடியில் டீசலைத் தனியாக நிறுத்தி ஜோலீன் ஒரு படம் எடுத்தாள். "என்னக்கா சொன்னாரு?" என்று காருக்குப் போகிறவரை கேட்டுக்கொண்டே வந்தாள். "திட்டினாரா? அழுதாரா? ஏதாவது சொல்லேன்."

"கால் நல்லாச் சேர்ந்திருக்குன்னாரு."

"யாரு காலு?"

ரோண்டா காரைக் கிளப்பினாள். நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்பட்டதால், வெளியேறும் ஒற்றை வழியில் கார்கள் நெருக்கியடித்து ஊர்ந்தன. அவளுக்கு முன்னால் ஒரே ஒரு வண்டி. கண்ணாடி வழியே அந்தப் பிடரி தெரிந்தது.

க்ளென்னின் கார் சாலையின் விளிம்பில் நின்றது. இடதுபக்க விளக்கு சிமிட்டியது. இந்தப் பக்கம் ஒரு வண்டியும் வரவில்லை, அந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை. மக்காச்சோளம் அறுத்து முடித்த வயல்களுக்கு நடுவே சாலை கண்ணுக்கெட்டியவரை காலியாகக் கிடந்தது. அவர் காரைத் திருப்பவில்லை.

"என்ன பண்றாரு? ரோடு சும்மாதானே கிடக்கு," என்றாள் ஜோலீன். பிறகு அந்த இடதுபக்க விளக்கைப் பார்த்தாள்; பத்ரீஸும் இடதுபக்கம்தான் திரும்பிக்கொண்டிருந்தாள்.

பின்னால் கார்கள் சேர்ந்துகொண்டே வந்தன. கடைசியில் யாரோ ஒருமுறை ஹாரன் அடித்து, பதில் வராததால் விட்டுவிட்டார்கள். ரோண்டா பின்கண்ணாடியில் பார்த்தாள். வரிசை முழுக்கக் கார் ஜன்னல்களிலிருந்து நாய்கள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன, பாதி கழன்ற பிடரியோடு சிங்கம், முக்காடு காற்றில் பறக்கக் கல்யாணப் பெண், எல்லாம் முன்பக்கமே பார்த்துக்கொண்டு. அவள் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முன்னால் அந்த ஆரஞ்சு விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது.